இரண்டாம் அலைவரிசை

கழுத்தட்டையில் என் பெயர்
சுகிர்தமரல்.
மலர், மரல் இல்லை என்றேன்
பதிவு மேசைப் பொடியனிடம்.
"பரவாயில்லை அன்ரி, மைக்கில் சரியாக வாசிப்பாங்க."
மைக்கில் என்னை யாரும் கூப்பிடவில்லை.

பம்பலப்பிட்டியில் கடல்பக்கம் ஒரு ஹோட்டல்,
நான்காம் மாடி.
சேலைத் தலைப்பைக் காதுவரை இழுத்துக்கொண்டு
நூற்றுப்பத்து நூலகர்கள்.
கண்ணாடிக்கு வெளியே பாணந்துறை ரயில்
கடலை உரசிக்கொண்டு போயிற்று, சத்தமில்லாமல்.

தகவல் எழுத்தறிவு மாநாடு.
பேச்சு சிங்களத்தில். இரண்டாம் அலைவரிசையில் தமிழ்.
மொழிபெயர்ப்பவள் எப்போதும் ஒரு வசனம் பின்னால்;
மண்டபம் சிரித்து ஓய்ந்த பிறகு
நான் தனியாகச் சிரித்தேன்.
வளவாளர் தண்ணீர் குடித்தார்.
அவள் இருமினாள்.
அதுவும் மொழிபெயர்ப்போ என்று நினைத்தேன்.

யார் சொன்னது? எப்போது? எதற்காக?
வேறெங்கே இருக்கிறது?
திரையில் நாலு கேள்வி, நாலு நிறம்.
கொப்பியில் எழுதிக்கொண்டேன்.
ஏழாம் வகுப்புக்கு நான் இதை
வாயில் போடமுதல் மணந்து பார் என்பேன்.

பகல் சாப்பாட்டு வரிசையில்
அக்கரைப்பற்று றிஸ்மியா முன்னால்,
மாத்தறைத் திலினி பின்னால்.
கத்தரிக்காய் மோஜு நல்லம் என்றோம்.
பிறகு கறையான்,
எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தராத அதிபர்கள்.
அதற்கெல்லாம் காதில் ஒன்றும் மாட்டவேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் வந்தது:
நாளை முதல் காஸ் இல்லை.
கப்பல் திரும்பிப் போய்விட்டது.
அமைச்சில் வேலை செய்யும் ஒருவர் சொன்னது.
தெரிந்தவர்களுக்கு அனுப்பவும்.
மூன்று மொழியிலும், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல்.
என் பெயருக்குக் கிடைக்காத கவனம்.

கரண்டிகள் நின்றன. பெருவிரல்கள் ஓடின.
கல்முனைத் தங்கச்சிக்கு அனுப்பினேன்.
பாடசாலைக் குழுவுக்கு அனுப்பினேன்.
பாவம், தனிய இருக்கிற மனுசி என்று
கீழ்வீட்டு மிஸிஸ் குரேக்கும்.
திலினி புருசனை வரிசைக்கு விரட்டினாள்.
தூணுக்குப் பின்னால் முதுகு காட்டி
நாலு கேள்விக்காரர் போனில் கிசுகிசுத்தார்.
இரண்டு சிலிண்டர் எடு என்றது
எனக்கு நேரடியாகவே விளங்கியது.

வட்டலப்பம் கொண்டுவந்த வெயிட்டர்
"எந்தக் கப்பல், மிஸ்?" என்றான்.
பெயர் இல்லை.
"எப்ப வந்த மெசேஜ்?"
திகதி இல்லை.
உள்ளே போய்
காஸ் லொறிக்காரனுக்கு அடித்துவிட்டு வந்தான்.
"காலையிலதான் பன்னிரண்டு இறக்கினவன். நாளைக்கும் வருவானாம்.
இது போன வருசத்து மெசேஜ் எண்டு சிரிக்கிறான்."
இன்னொரு வட்டலப்பம் வைக்கவா என்று கேட்டான்.
வேண்டாம் என்றேன். வைத்தான்.

பின்னேர அமர்வு.
வளவாளர் இன்னும் மேடையேறவில்லை.
காதில் மாட்டிக்கொண்டு குனிந்திருந்தேன்.
மைக் திறந்திருப்பது தெரியாமல்
மொழிபெயர்ப்பவள்:
"அம்மா, ஓடாதீங்க, வெயில். அது பொய்யாம்.
ஓம், நானேதான் அனுப்பினன்.
பார்க்காம அனுப்பிட்டன் அம்மா."
அன்று முழுக்க அந்த ஒரு பேச்சுத்தான்
யாருக்கும் பின்னால் வரவில்லை.

ஐந்தரைக்கு நூறாம் நம்பர் பஸ்.
சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அவள் சொன்னதையே எழுதி
மூன்று இடத்துக்கும் அனுப்பினேன்.
தங்கச்சி: ஐயோ, கடன் வாங்கி எடுத்திட்டன்.
பாடசாலைக் குழுவில் ஒரேயொரு கட்டைவிரல்.
மிஸிஸ் குரே இன்னும் பார்க்கவில்லை.

வெள்ளவத்தையில் இறங்கினால்
காஸ் கடை வாசலில் இருந்து
பேக்கரி தாண்டி வரிசை.
கடைசியில் நின்றவரிடம் எதற்கென்று கேட்டேன்.
"தெரியாது. எல்லாரும் நிக்கினம்."

முன்னுக்கு நடந்தேன்.
ஏழாவது ஆளாக, பூப்போட்ட குடையும்
உருட்டிக்கொண்டு வந்த சிலிண்டருமாய்
மிஸிஸ் குரே.
நான் வாய் திறக்கமுதல் என் கையைப் பிடித்தாள்.
"நல்லவேளை மகள்,
நீ சொன்னாய்."